பெயர்ப்பலகை இல்லாத பணி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பாடசாலையின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதை இன்று காலையிலிருந்து பலர் நன்றாகவே பேசிவிட்டார்கள். எங்களிடம் சங்கம் கேட்டது வேறு. ஆழிப்பேரலைக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையிலே திருச்சபைகள் சேர்ந்து வேலை செய்தபோது, அந்த வேலையில் கைகொடுத்த பழைய மாணவிகள் கண்டதையும் கற்றதையும் சொல்லுங்கள் என்றார்கள். எங்களில் மெதடிஸ்த சபையார் உண்டு, கத்தோலிக்கர் உண்டு, அங்கிலிக்கன் சபையார் உண்டு, சைவப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே இந்த உரையில் "நாங்கள்" என்று வரும் இடமெல்லாம் பலருடைய குரல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், பௌர்ணமி தினமும் கூட. சுமாத்திராக் கடலிலே பூமி அதிர்ந்தபோது எங்கள் நேரம் காலை ஏழு மணி ஆகவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் அந்த அலை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் கரைக்கு ஒரு எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல். எங்கள் மாவட்டத்தில் கல்லடி, டச்பார், நாவலடி என்று நாங்கள் சின்ன வயதில் கடற்கரைக்குப் போய் விளையாடிய இடங்களெல்லாம் அழிந்தன. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருந்த நாவலடியில் ஓடித் தப்ப இடமில்லை. கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சரிந்து நின்றதை உங்களில் பலர் படத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

அன்றைக்கு வந்த உதவி யாரும் திட்டமிட்டதல்ல. பாடசாலைகள் விடுமுறையில் பூட்டிக் கிடந்தன. திறப்பு வைத்திருந்தவரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கோயில், பள்ளிவாசல், ஆலயம் என்று எங்கே கூரை இருந்ததோ அங்கே சனம் ஏறியது. பக்கத்து வீடுகளில் உலை வைத்தார்கள். சோற்றுப் பார்சல் கட்டியவர் யார், சாப்பிட்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இறந்தவர்களை அடக்கம் செய்தபோதும் அப்படித்தான். ஒரே குழியில் பலரை வைக்க வேண்டியிருந்தது. அங்கே சபை பார்க்கவோ சமயம் பார்க்கவோ முடியவில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், உயிரோடு இருந்த காலத்தில் நாங்கள் அதையெல்லாம் பார்த்தே பழகியவர்கள். கத்தோலிக்கம் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இந்தக் கரையில் இருக்கிறது. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்ததோடு மெதடிஸ்தப் பணி தொடங்கியது. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும், எங்கள் சபைகளுக்குத் தனித்தனிப் பாடசாலை, தனித்தனிச் சேமக்காலை, கலியாணப் பேச்சிலும் தனித்தனிக் கணக்கு. இத்தனை காலப் பழக்கம் ஒரு காலையில் மாறிவிடாது. முதல் மூன்று நாள் மாறியதுபோல் இருந்தது. நாலாம் நாள் லொறிகள் வரத் தொடங்கின. பழைய பழக்கமும் அவற்றோடு திரும்பி வந்தது.

கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த பொருள்கள் ஒவ்வொரு சபைக்கும் அதனதன் வழியாக வந்தன. கத்தோலிக்கருக்குக் கரித்தாஸ் வழி. மெதடிஸ்த, அங்கிலிக்கன் முதலிய சபைகளுக்குத் தேசிய கிறிஸ்தவ மன்றத்தின் வழி. இவற்றுக்கு வெளியே நேரடியாக வந்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு வழிக்கும் தனிக் கணக்கு, தனி அறிக்கை. அதனால் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த முகாமுக்கே போனார்கள். தார் றோட்டோரம் இருந்த முகாமிலே ஒரு குடும்பத்துக்கு நாலு வாளியும் மூன்று பாயும் சேர்ந்தன. உள்ளே இரண்டு மைல் தள்ளியிருந்த முகாமிலே நுளம்புவலை ஒன்றுகூட இல்லை. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அந்த உள்முகாமில் குழந்தை வைத்திருந்த தாய்க்கு எங்கள் நல்ல எண்ணத்தால் ஒரு பயனும் இல்லை.

அப்போதுதான் மரியாயின் சேனையைச் சேர்ந்தவர்களும், மெதடிஸ்தப் பெண்கள் ஐக்கியத்தாரும், அங்கிலிக்கன் தாய்மார் சங்கத்தாரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்தோம். ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் அழைப்பிதழ் தேவைப்படவில்லை. குருவானவர்களும் போதகர்களும் பிறகு வந்து சேர்ந்தார்கள். முதலில் வாங்கியது ஒரு சீ.ஆர். கொப்பி. எல்லாச் சபைக்கும் அது ஒன்றே. குடும்பத் தலைவர் பெயர், ஊர், உயிரோடு இருப்பவர், இழந்தவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், இதுவரை கிடைத்தது, இன்னும் வேண்டியது என்று கோடு போட்டோம். கிராம உத்தியோகத்தரின் பட்டியலோடு ஒப்பிட்டோம். எந்தச் சபைக்கு லொறி வந்தாலும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் இறக்குவது என்று முடிவாயிற்று.

அந்தக் கொப்பியில் நாங்கள் போடாத நிரல் ஒன்று உண்டு. அது சமயம். அதையும் எழுதினால் என்ன என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தங்கள் சபைப் பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சுலபம் என்பது அவர்கள் நியாயம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் எழுந்தது. ஆண்டவருடைய பெயரைச் சொல்லாமல் கொடுத்தால் அது எப்படிச் சாட்சியாகும் என்றார்கள். இது விசுவாசத்திலிருந்து வந்த கேள்வி. அதை ஒருவரும் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் 2004 நடுப்பகுதியில் பாராளுமன்றத்துக்கு வந்து, உயர் நீதிமன்றம் வரை போயிருந்தது. கிறிஸ்தவர் கொடுக்கும் அரிசியில் தூண்டில் இருக்கிறது என்று நம்பியவர்கள் நாட்டில் பலர். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவையும், உதவியை ஒரு சமயத்தையோ அரசியலையோ வளர்க்கப் பயன்படுத்தக்கூடாது என்றே சொல்கிறது. மேசையிலிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் அதை இன்னும் எளிமையாகச் சொன்னார்: "வரிசையில் நிற்கிற மனுசிக்கு இல்லை என்று சொல்ல ஏலாது. இல்லை என்று சொல்ல ஏலாதவளிடம் எதையும் கேட்கக்கூடாது."

அதன்படி மூன்று ஒழுங்குகள் வைத்தோம். பார்சலுக்குள் துண்டுப்பிரசுரம் வைப்பதில்லை. வரிசையில் நிற்பவர்களை வைத்துச் செபம் நடத்துவதில்லை. செபிக்க விரும்புவோருக்கு ஆலயம் திறந்திருக்கும். கொடுத்த பொருளிலோ போட்ட கொட்டிலிலோ சபையின் பெயரை எழுதுவதில்லை. மூன்றாவதுதான் மிகவும் கடினமாக இருந்தது. பணம் அனுப்பியவர்கள் படம் கேட்டார்கள், பெயர்ப்பலகை கேட்டார்கள். தங்கள் ஆலயத்தில் காணிக்கைத் தட்டில் போட்ட பணம் எங்கே போனது என்று அறிய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே கணக்கையும் பற்றுச்சீட்டையும் சதம் பிசகாமல் அனுப்பினோம். பலகை மட்டும் நடவில்லை. அதனால் ஒரு இடத்திலிருந்து வரவேண்டிய பணம் வராமலும் போயிற்று.

பெண்கள் சேர்ந்து இருந்ததால் கண்ணில் பட்ட சில விடயங்களையும் சொல்ல வேண்டும். மூட்டை மூட்டையாக உடுப்பு வந்தது. குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டையும் வந்தது. உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும் வரவில்லை. ஆண்கள் நின்று பெயர் எழுதும் மேசையில் எந்தப் பெண் அதைக் கேட்பாள்? வள்ளமும் வலையும் இழந்தவர்களுக்கு வள்ளங்கள் வந்தன. சில கரைகளில் முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகவே வந்தன. ஆனால் மீன் காயவைத்து விற்றவளும், பாய் இழைத்தவளும், இடியப்பம் அவித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவளும் தொழில் இழந்தவர் பட்டியலில் இல்லை. கொப்பியில் அவர்களுக்கென்று ஒரு நிரலைப் பிறகு சேர்த்தோம். இடியப்ப உரலும் தட்டும் நீத்துப்பெட்டியும் வாங்கிக் கொடுப்பதற்கு ஒரு வள்ளத்தின் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை.

அடுத்தது வீடு. கடலோரத்தில் கட்டக்கூடாத வலயம் என்று தெற்கிலே 100 மீற்றரும் வடக்கு கிழக்கிலே 200 மீற்றரும் அரசாங்கம் குறித்தது. பிறகு அதைத் தளர்த்தியது. இடையில் மாதக்கணக்காக மக்கள் தகரக் கொட்டில்களில் வெந்தார்கள். நாவலடி மக்களுக்குத் திராய்மடுவில் காணி கிடைத்தது. 500 சதுர அடி வீடு வந்தது நல்ல காரியம். ஆனால் உறுதியில் பெயர் எழுதும்போது "குடும்பத் தலைவர்" என்று கேட்டார்கள். அது பெரும்பாலும் கணவனாகிப் போனது. மட்டக்களப்பு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக வருவது. கடலுக்குப் போனது அவளுடைய வீடு. திரும்பி வந்தது அவனுடைய வீடு. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தபோது நாங்களும் சேர்ந்து நின்றோம். சில இடங்களில் பலன் கிடைத்தது. பல இடங்களில் கிடைக்கவில்லை. அதையும் இந்த மலரில் எழுதி வைக்க வேண்டும்.

பெரிய மட்டத்தில் சேர்ந்து வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பதையும் அந்த ஆண்டு கண்டோம். சுனாமிப் பொதுக்கட்டமைப்பு 2005 ஜூன் 24இல் கைச்சாத்தாகியது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எங்கள் சீ.ஆர். கொப்பிக்கு யாரும் கைச்சாத்து இடவுமில்லை, தடை விதிக்கவுமில்லை. 2006இன் கடைசியிலும் 2007இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்து வந்தபோதும், 2011 சனவரி வெள்ளத்தின்போதும் அதே மேசையைச் சுற்றித்தான் திரும்பவும் இருந்தோம். அலை ஓய்ந்த பின் எங்களுக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான்.

இனி எங்கள் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, ஆழிப்பேரலையில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளுமே கூடுதலாக இறந்தார்கள். கையில் குழந்தை, காலில் சுற்றிய சேலை, நீந்தத் தெரியாது, மரம் ஏறவும் பழக்கவில்லை. வாவியும் கடலும் சூழ்ந்த ஊரிலே பெண்பிள்ளைக்கு நீச்சல் பழக்குவதைப் பொழுதுபோக்கு என்று இனியும் நினைக்கக்கூடாது. நூற்றாண்டு நிதியில் முதற்பங்கு அதற்குப் போகட்டும்.

இரண்டு, 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. பிறகு எச்சரிக்கை ஒலிக்கும் கோபுரங்கள் கரையிலே நிறுவப்பட்டன. ஆனால் எச்சரிக்கை கேட்டு ஓடிவரும் சனத்துக்கு எங்கள் பாடசாலையின் கதவை யார் திறப்பது, கிணறு எது, மலசலகூடம் எத்தனை, தாதியாகவோ வைத்தியராகவோ இருக்கும் பழைய மாணவி பக்கத்தில் யார் என்ற விபரம் ஒரு கொப்பியில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்தி எழுத வேண்டும்.

மூன்று, இது வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு. அடுத்த முறை உடுப்பு மூட்டை அனுப்ப மனம் உந்தும். தயவுசெய்து காசாக அனுப்புங்கள். உங்கள் சபையின் பெயரிலே தனியாக அனுப்பாமல் மற்றச் சபையாரோடும், சைவ, இஸ்லாமிய நண்பர்களோடும் சேர்த்து அனுப்புங்கள். கணக்கைக் கண்டிப்பாகக் கேளுங்கள். பெயர்ப்பலகையைக் கேளாதிருங்கள்.

இந்தப் பாடசாலையைத் தொடங்கியவர்கள் ஒரு சபையைச் சேர்ந்தவர்கள். ஆனால் ஒரே வாங்கிலே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் இருத்திப் படிப்பித்தார்கள். பக்கத்தில் இருந்தவளோடு கொப்பியைப் பகிர்ந்து எழுதப் பழகியது அந்த வாங்கிலேதான். அந்தப் பழக்கம் எங்கள் ஊருக்கு ஒரு கடினமான காலத்தில் உதவியது. அடுத்த நூறு ஆண்டுப் பிள்ளைகளுக்கும் அதை விட்டுச் செல்வோம்.