வலி மாத்திரை புற்றை வளர்க்குமா?

(கயத்தாறில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் பேசியது)



போன கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு உறுப்பினர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எங்கம்மாவுக்கு மார்பில் புற்று. ராத்திரி முழுக்க வலியில முனங்குறாங்க. டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு. அது புற்றை வளர்க்கும்னு பக்கத்துல சொல்றாங்க. கொடுக்கவா, வேண்டாமா?" என்று கேட்டார். மாத்திரை அட்டை பிரிக்காமலே அவர் பையில் இருந்தது. நம்மில் பலருக்கும் இந்தப் பயம் இருப்பதால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

நாம் குழம்புக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அபினிலிருந்து எடுக்கும் மருந்து மார்ஃபின்.

களை வெட்டும்போது கையில் அரிவாள் பட்டால் புண் எப்படி ஆறுகிறது? அந்த இடத்துக்குப் புதுசாக மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடுகிற மாதிரிதான். புற்றுக்கட்டியும் அதே வேலையைச் செய்கிறது. நம் கரிசல் காட்டில் சீமைக்கருவேலம் வேர்விட்டுத் தண்ணீரை உறிஞ்சுகிறதல்லவா, அதுபோலத் தனக்கென்று ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொண்டு பெருக்கிறது.

2002-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கல்பனா குப்தா என்ற ஆராய்ச்சியாளரின் குழு, மார்பகப் புற்று உள்ள எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தது. ரத்தக் குழாய்களும் கட்டியும் கூடுதலாக வளர்ந்தன. பயம் வந்தது இப்படித்தான். இந்த வகை மருந்தை எலிகளின் புண்ணில் தடவியபோது புண் சீக்கிரம் ஆறியதையும் பார்த்தார்கள். ஆனால் 2010-ல் அதே பல்கலைக்கழகத்தில் வேறு குழு செய்த எலிச் சோதனையில், மார்ஃபின் கட்டியின் ரத்தக் குழாய்களைக் குறைத்தது. ஆக, எலியிலேயே முடிவு ஒன்றுபோல் இல்லை.

சரி, மனுஷங்களுக்கு? மார்பகப் புற்று ஆபரேஷன் செய்துகொண்ட 2,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல நாடுகளில் இரண்டு பிரிவாகப் பிரித்துக் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு இந்த வகை மருந்தைக் குறைத்து, நரம்பு மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். 2019-ல் முடிவு வந்தது. புற்று திரும்பி வந்தது இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வலிக்கு மார்ஃபின் கொடுத்ததால் மனிதருக்குப் புற்று வளர்ந்தது என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. அடக்காத வலியோ தூக்கத்தையும் சாப்பாட்டையும் தெம்பையும் பறித்துவிடும். இது நாம் கண்ணால் பார்ப்பது.

அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் கொடுங்கள். ஆனால் இவற்றை மறக்காதீர்கள்:

- வலி வந்த பிறகு கொடுப்பதல்ல. டாக்டர் சொன்ன மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும்.
- மலச்சிக்கல் வரும். அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.
- முதல் சில நாள் மயக்கமாக இருக்கும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.
- நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அளவைக் கூட்டாதீர்கள்.
- பெட்டியில் பூட்டி வையுங்கள். பிள்ளைகள் கையில் படக்கூடாது. மீந்ததை அடுத்தவர் மூட்டுவலிக்குக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. காட்டு வேலை செய்து இடுப்பு வலித்தால் கடையில் "பவரான மாத்திரை குடுங்க" என்று கேட்கிறோம். டிரமடால் என்ற மாத்திரையும் இதே வகைதான். அது பழக்கமாகி ஆளை அடிமையாக்கிவிடும் என்பதால்தான் 2018-ல் அரசு அதைப் போதை மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் பராமரிப்பு செய்கிறார்கள். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

கடைசியாக, அந்தத் தங்கச்சியிடம் அன்றைக்கே "டாக்டர் சொன்னபடி கொடும்மா" என்றுதான் சொன்னேன். இந்த வாரம் அவர் வந்து சொன்னது இது ஒன்றுதான்: "அம்மா ராத்திரி தூங்குறாங்கக்கா."

உங்கள் குழுவில் யார் வீட்டிலாவது இப்படி ஒருவர் வலியோடு கிடந்தால், அடுத்த வாரக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு எழுதி முடித்ததும் அவர்களைப் பற்றிப் பேசுங்கள்.