சுக்கும் உடல்நலமும்

பிற மாநிலங்களிற் குடியேறி வாழும் தமிழராகிய நாம் பிறந்த ஊரை விட்டு வந்தோமாயினும், சுக்கை விட்டு வந்தோமில்லை. தலைவலிக்குப் பற்று, சளிக்குக் கஷாயம், களைப்புக்குச் சுக்குக் காப்பி என அது நம் இல்லங்களில் வழங்கி வருகிறது.

மட்டாஞ்சேரிக்கும் சுக்குக்கும் உள்ள உறவு பழமையானது. மலைநாட்டில் விளைந்த இஞ்சியைப் பண்டகசாலை முற்றங்களில் வெயிலில் உலர்த்தி, இங்கிருந்து கப்பலேற்றினர். ‘கொச்சிச் சுக்கு’ என்பது உலகச் சந்தையில் ஒரு வகையின் பெயராகவே நிலைத்தது.

உடல்நலத்திற்கு இது எவ்வாறு உதவக்கூடும்? உணவு உடலில் ஆற்றலாக மாறும்போது, பிராணவாயுவிலிருந்து நிலையற்ற சில மூலக்கூறுகள் தோன்றுகின்றன. அவை அளவு மிஞ்சினால் உயிரணுக்களைத் தாக்கும். நாட்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை ஏறுவதும் பிராணவாயுவின் இத்தகைய வினையே. இவ்வினையைத் தடுக்கும் பொருள்களை ஆக்சிகரணத் தடுப்பிகள் என்பர். மத்தியதரைக் கடல் நாட்டார் விரும்பியுண்ணும் ஆர்ட்டிசோக் என்னும் பூமொட்டிலும் இவை மிகுதி.

இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால் அத்தகைய ஒரு பொருள். இஞ்சி உலருங்கால் அதில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. சுக்கின் கடுங்காரத்திற்கு இதுவே காரணம். ஆய்வுக்கூடச் சோதனைகளில் ஷோகால் ஜிஞ்சராலினும் வலிய தடுப்பியாகக் காணப்பட்டுள்ளது.

ஆயினும் சோதனைக்குழாய் வேறு, மனித உடல் வேறு. உணவுகளின் தடுப்பாற்றலை எண்களாற் காட்டிய பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012ஆம் ஆண்டில் விலக்கிக்கொண்டது. அவ்வெண்கள் உடலில் விளையும் பயனைக் காட்டவில்லை என்பதே காரணம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் என்னும் தடுப்பியை மாத்திரையாக உண்டோரிடம் நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு மிகுந்தே காணப்பட்டது.

ஆகவே சுக்கை உணவாகப் போற்றுவோம். சர்வரோக நிவாரணியாகக் கொள்ளற்க. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் மருத்துவரைக் கேளாமல் சுக்குப்பொடியை மிகுதியாகக் கொள்ளலாகாது.

இன்னொன்றும் கூறவேண்டும். வேற்றூரில் மொழி அறியாத தயக்கத்தால் மருத்துவமனைக்குச் செல்லாது, கஷாயத்தைப் பருகியே காய்ச்சலைக் கடத்துவோர் நம்மிடையே உளர். மூன்று நாளிலும் தணியாத காய்ச்சலுக்கு மருத்துவரை நாட வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. மொழியறிந்த அண்டை வீட்டாரைத் துணைக்கழைத்தேனும் உடனே செல்க. சுக்குக் காப்பியைத் திரும்பி வந்த பின் அருந்தலாம்.