'பேசிக் இல்லாத பசங்க': பொறியியல் வகுப்பறையில் இயற்பியலும் சாதியும்

(சோழவந்தானில் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்புக் கூட்டத்தில் நியூட்டனுக்கு என்ன வேலை என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். மதுரையைச் சுற்றியுள்ள தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் முதலாமாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அங்கே ஆசிரியர் அறையில் நான் அதிகம் கேட்கிற வாக்கியம், "பசங்களுக்கு பேசிக்கே இல்ல சார்" என்பது. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அது எல்லோரையும் பார்த்துச் சொல்லப்படுவதில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சேர்க்கைப் பட்டியல் வந்த அன்றே தொடங்கிவிடும். இவன் ஏழரை சதவீதத்தில் வந்தவன், இது ஃபர்ஸ்ட் கிராஜுவேட், இது ஸ்காலர்ஷிப் கேஸ் என்று பேசுவார்கள். சாதிப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. முதல் தேர்வு நடப்பதற்கு முன்பே, ஒரு சூத்திரம்கூட எழுதிப் போடுவதற்கு முன்பே, யாருக்கு 'பேசிக்' உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவாகிவிடுகிறது. இதை எந்த அறிவியலில் சேர்ப்பது?

இந்தப் பேச்சு நேற்று வந்ததல்ல. 1951இல் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி உரிமை ஆணையைச் செல்லாது என்றதை, செண்பகம் துரைராஜன் வழக்கு என்று மருத்துவக் கல்லூரியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். அதே தீர்ப்பில் இன்னொரு மனுவும் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கேட்டு சீனிவாசன் என்பவர் போட்ட மனு அது. பெரியாரும் தமிழ்நாடும் தெருவில் இறங்கியபின் அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது, 15(4) வந்தது. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. அதை ஒழிக்க 2006இல் சட்டம் போட வேண்டியிருந்தது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை, 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்துதான் நம் பிள்ளைகள் முதல் செமஸ்டர் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே வந்தபின் அங்கே நடப்பது என்ன என்பதைப் பற்றி நம் இயக்கங்கள் அதிகம் பேசியதில்லை.

சரி, அந்த 'பேசிக்' என்றால் என்ன? ஒரு கேள்வி கேட்கிறேன், நீங்களும் விரலைக் காட்டுங்கள். வாடிப்பட்டி சாலையில் மணல் லாரி ஒன்று மொபட்டில் மோதுகிறது. லாரி மொபட்டின் மீது செலுத்தும் விசை அதிகமா, மொபட் லாரியின் மீது செலுத்தும் விசை அதிகமா, இரண்டும் சமமா?

பார்த்தீர்களா, பாதிப் பேருக்கு மேல் லாரிக்குத்தான் விரல் காட்டுகிறீர்கள். இரண்டும் சமம். நியூட்டனின் மூன்றாம் விதி அதைத்தான் சொல்கிறது. மொபட் நசுங்குவதற்குக் காரணம் விசையின் வித்தியாசம் அல்ல, நிறையின் வித்தியாசம். லாரி நூறு மடங்கு நிறை என்றால், அதே விசை மொபட்டுக்கு நூறு மடங்கு முடுக்கத்தைத் தருகிறது. ஆனால் 'ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு' என்று பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

இந்த மாதிரிக் கேள்விகளை வைத்து 1992இல் அமெரிக்காவில் ஹெஸ்டினஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு தேர்வையே உருவாக்கினார்கள். கணக்குப் போடத் தேவையில்லை, புரிந்திருந்தால் போதும். இந்தக் குழுவின் ஆய்வைப் படித்துவிட்டு எரிக் மசூர் என்ற பேராசிரியர் தன் வகுப்பில் வைத்துப் பார்த்தார். எங்கே? ஹார்வர்டில். உலகத்திலேயே 'தகுதி' வடிகட்டிச் சேர்க்கப்பட்டதாகச் சொல்லப்படும் பிள்ளைகள். அங்கே ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லித் தந்தபடி பதில் எழுதவா, நான் உண்மையில் நினைப்பதை எழுதவா என்று கேட்டார். கடினமான கணக்கெல்லாம் போட்டுத் தேர்ச்சி பெற்றவர்களிடமும் அடிப்படைக் கருத்து கலங்கலாகத்தான் இருந்தது. ஹார்வர்டில் யாரும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து 'கோட்டா' என்று சொல்லவில்லை. மசூர் பாடம் நடத்தும் முறையை மாற்றினார்.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் வேடிக்கையானது. இயக்கவியல் இருப்பது பதினோராம் வகுப்புப் புத்தகத்தில். ரிசல்ட்டுக்குப் பேர்போன தனியார் பள்ளிகள் பல, ஆண்டுக்கணக்கில், பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், இப்போது மறுபடி எடுத்துவிட்டார்கள். ஆக, அடிப்படையைப் படிக்காமலே 190 கட்ஆஃபோடு வந்தவரும் நம் வகுப்பில் இருக்கிறார். அவரை யாரும் பேசிக் இல்லாதவர் என்பதில்லை. அவர் ஆங்கிலத்தில் தயங்காமல் தவறாகச் சொல்வார். விசை, உந்தம், முடுக்கம், திசைவேகம் என்று தமிழில் சரியாகப் படித்துவந்த பெண், மொமண்டம் என்ற சொல்லைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் குனிந்த தலைதான் 'பேசிக் இல்லை' என்று பதிவாகிறது.

இன்னொரு இடத்துக்கு வருகிறேன், எனக்கு மிக முக்கியமான இடம். 'தலையில் சுமையோடு சமதளத்தில் நடக்கும் கூலித் தொழிலாளி செய்யும் வேலை எவ்வளவு?' பள்ளிக்காலம் முதல் நம் ஊரில் சுற்றிவரும் கேள்வி இது. விடை: பூஜ்ஜியம். விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி பக்கவாட்டில், இரண்டும் செங்குத்து, ஆகவே வேலை இல்லை. எழுதினால் இரண்டு மதிப்பெண்.

இந்த ஊரில் வெற்றிலைக் கொடிக்காலில் கட்டுச் சுமந்தவர்களின் பிள்ளைகள், நடவுக்கு நாற்றுக்கட்டைத் தலையில் வைத்து வரப்பில் நடந்தவர்களின் பிள்ளைகள் இதை எழுதுகிறார்கள். என் அம்மா காலையிலிருந்து மாலைவரை செய்தது பூஜ்ஜியம் என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒன்று இயற்பியல் பொய் சொல்கிறது, அல்லது அம்மாவின் உழைப்பு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. இயற்பியல் மனப்பாடப் பாடமாக மாறுவது இப்படித்தான்.

இயற்பியல் பொய் சொல்லவில்லை. அந்தக் கணக்கு சொல்வது இவ்வளவுதான்: அந்த மேல்நோக்கிய விசை அந்தச் சுமைக்கு ஆற்றலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சுமக்கிறவரின் உடலைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. தசை என்பது மேசை அல்ல. மேசை சும்மா நின்றபடி சுமையைத் தாங்கும். தசை தாங்க வேண்டுமென்றால் அதன் இழைகள் ஓயாமல் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சாப்பிட்ட சோற்றின் ஆற்றல் எரிந்து வெப்பமாகப் போகிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடலும் சுமையும் சற்றே ஏறி இறங்குகின்றன, அதற்கும் தசை உழைக்கிறது. வியர்வை அந்தக் கணக்கின் மீதி. இதைச் சொல்ல வகுப்பில் பத்து நிமிடம் போதும். சொன்னபின் வேலை, ஆற்றல், திறன் மூன்றும் வெவ்வேறு என்பது யாருக்கும் மறப்பதில்லை. சொல்லாமல் விட்டால் மறக்காமல் இருப்பது பூஜ்ஜியம் மட்டும்தான்.

அலைவுகள் பாடத்திலும் இப்படி ஒன்று உண்டு. தோல் இசைக்கருவியின் மேற்சுரங்கள் பொதுவாக ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது. மிருதங்கத்தில் அவை ஏன் ஒத்துப் போகின்றன என்று சி.வி.ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார், 1934இல் விரிவாக எழுதினார். நடுவில் இருக்கும் கருப்பு வட்டம்தான் காரணம். கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது அது. அதைக் கையால் ஏற்றி, காதால் சரிபார்த்தவர்கள் தோல் தொழில் செய்த மக்கள், பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். டி.எம்.கிருஷ்ணா அவர்களைப் பற்றி 2020இல் புத்தகம் எழுதியபோது, கலாக்ஷேத்ரா வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ராமனின் ஆய்வு உயர்ந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பேசிக் யாரிடம் இருந்தது?

பறையைக் காய்ச்சினால் ஒலி ஏன் கூர்மையாகிறது என்பதும் இதே பாடம். சூட்டில் ஈரம் வற்றித் தோல் இறுகுகிறது, இழுவிசை கூடுகிறது, அதிர்வெண் உயர்கிறது. இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உற்சாகத்தில், வகுப்பில் யாருக்குப் பறை அடிக்கத் தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு பையனின் சாதியை அறுபது பேர் முன்னால் அவிழ்க்கிற கேள்வி அது. பறையை நீங்களே எடுத்துவாருங்கள், நீங்களே காய்ச்சுங்கள், செல்பேசிச் செயலியில் அதிர்வெண்ணைக் காட்டுங்கள்.

மசூர் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டேன். கேள்வி கேட்பார், எல்லோரும் தனித்தனியே பதில் காட்ட வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வேண்டும், மறுபடி பதில் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ரிச்சர்ட் ஹேக் 1998இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார். இப்படி மாணவரை ஈடுபடுத்தும் வகுப்புகளில் புரிதலின் வளர்ச்சி, வெறும் விரிவுரை வகுப்புகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. 2020இல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு, ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள மதிப்பெண் இடைவெளி இம்முறையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொல்கிறது. இடைவெளி மாணவரின் ரத்தத்தில் இருந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டதும் குறையுமா?

ஆனால் இதை அப்படியே தூக்கிக்கொண்டுவர முடியாது. பக்கத்தில் இருப்பவரோடு பேசு என்றால், நம் வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் யார்? முன்வரிசையில் ஆங்கிலவழிப் பிள்ளைகள், கடைசியில் விடுதிப் பிள்ளைகள், நடுவில் ஊர் ஊராக, தெரு தெருவாக. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், பள்ளியில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்று ஒரு பரிந்துரை இருக்கிறது. பலரும் கையில் கட்டும் கயிறைப் பற்றியே பேசினார்கள், இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது இயற்பியல் பரிந்துரை. வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைத்து, மாதம் ஒருமுறை கலைக்கிறேன். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும். லாரியும் மொபட்டும் வந்தபின் சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

அரியர் ஒன்று விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த செந்தில்குமாரை நினைவில் வையுங்கள். பன்றி வளர்க்கும் சமூகத்திலிருந்து இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் வரை போனவர். அவருக்கு மேற்பார்வையாளரே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் இறந்தார். துறையின் நடைமுறைகளில் தெளிவில்லை என்பதையும், அதில் அதிகம் அடிபட்டவர்கள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் என்பதையும் பல்கலைக்கழகமே அமைத்த குழு பதிவுசெய்தது. ரோஹித் வெமுலா அதே வளாகத்தில் எட்டு ஆண்டுகள் கழித்து. எந்த ஆசிரியர் அறையும் தன்னைக் கொலைக்களம் என்று நினைப்பதில்லை. 'பேசிக் இல்லை' என்று மட்டும்தான் சொல்கிறது.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், செய்ய முடியும். இந்த ஊரிலிருந்து பொறியியல் முடித்தவர்கள் இங்கேயே பத்துப் பேர் இருக்கிறீர்கள். பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதி, தமிழ்வழி ஒன்று, ஆங்கிலவழி ஒன்று, இரண்டையும் படிப்பகத்தில் வாங்கி வையுங்கள். கவுன்சிலிங் முடிந்து வகுப்பு தொடங்குவதற்குள் சில வாரம் கிடைக்கும். சேர்ந்திருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டு புத்தகத்தையும் பக்கம் பக்கமாக வைத்து இயக்க விதிகளும் வேலையும் ஆற்றலும் மட்டும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன். பறை யாரிடமாவது இருந்தால் எடுத்து வையுங்கள், வைக்கோலும் தீப்பெட்டியும் நான் கொண்டுவருகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.