நூலகரும் ஒரு வாசகரே

(நூலகர் தினத்தையொட்டி நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான். இலக்கியவாதி அல்ல. நூலகங்களில் படித்துப் பழகியவன் என்ற ஒரே தகுதியில்தான் பேச வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12ஆம் தேதியை நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாள் அது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சேர்ந்தார். ஆளில்லாத நூலகத்தில் சும்மா உட்கார முடியவில்லை. வகுப்புக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார்கள். போனார், அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்தவர் அதன்பின் வகுப்பறையை நினைக்கவே இல்லை.

1933இல் அவர் வெளியிட்டதுதான் கோலன் பகுப்பு முறை. நம் லெட்ஜரில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்க எண் இருப்பதுபோல, ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அடையாளம். ஆங்கில எழுத்து 'வி' என்றால் வரலாறு. 'ஓ' என்றால் இலக்கியம். 'ஒய்' என்றால் சமூகவியல். நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆனால் அலமாரி பிரித்துத்தான் வைக்கும். சேர்த்து வைப்பது யார்? அங்கேதான் படிக்கிற நூலகர் வேண்டும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' கேட்டு வருகிறார். எடுத்துக் கொடுத்து, பதிவேட்டில் குறித்து அனுப்பிவிடலாம். அதில் தவறில்லை. ஆனால் தானும் படிக்கிற நூலகர் என்ன செய்வார்? "நாவலை முடித்துவிட்டு வாருங்கள், மா. இராசமாணிக்கனாரின் 'பல்லவர் வரலாறு' தருகிறேன். கதை எது, கல்வெட்டு எது என்று தெரியும்" என்பார். பிறகு மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மகேந்திரவர்மன்'. அந்த மன்னன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் நம் காஞ்சித் தெருக்களில்தான் நடக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஓர் அரசன் தன் தலைநகரத்தைப் பார்த்துத் தானே சிரித்திருக்கிறான்!

வாசகர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால், எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ'யை எடுத்து நீட்டுவார். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களின் வாழ்க்கை அதில் இருக்கிறது. எழுதியவரே பட்டுச் சரிகை வியாபாரம் செய்தவர்.

வரலாறு, கதை, சமூகம் மூன்றும் மூன்று அலமாரி. நம் ஊர்த் தறியில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்து கோர்வை போடுகிறார்களே, அந்த வேலையைத்தான் நூலகர் செய்கிறார். அதற்குப் பட்டயம் மட்டும் போதாது. வேலை நேரம் போக, தன் விருப்பத்துக்கு அவர் என்ன படித்தார் என்பதுதான் கைகொடுக்கும். ரங்கநாதனே அதற்கு உதாரணம். நூலகவியலில் ஏராளமாக எழுதியவர், 1967இல் கணித மேதை ராமானுஜனைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது அவர் வகுத்த விதிகளின் சாரம். இந்த இரண்டு பேரையும் அறிமுகம் செய்து வைக்க, இருவரையும் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டாமா?

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். கணக்கர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் ரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்கிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்து பைசா. உங்கள் வீட்டு ரசீதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிஃப்டுக்கும் தண்ணீர் லாரிக்கும் கொடுத்த பணத்துக்கு வரிவரியாகக் கணக்குக் கேட்கிறோம். நூலகத்துக்குக் கொடுத்த பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாமலே விட்டுவிடுகிறோம்.

கேட்கிற வாசகர் இல்லாவிட்டால் படிக்கிற நூலகரும் நாளடைவில் வெறும் பதிவேடு எழுதுகிறவராகி விடுவார். ஆள் வராத கிளை நூலகத்துக்குப் புதுப் புத்தகமும், காலியான இடத்துக்கு ஆளும் கேட்க யாருக்கும் வாய் வராது. இழப்பு அவருக்கு மட்டுமல்ல, நம் பேரப்பிள்ளைகளுக்கும்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள். வீட்டுக்கு ஒருவராவது நூலக உறுப்பினர் ஆகுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தேர்வுப் புத்தகம் கேட்க மட்டும் அல்ல. மூன்றாவது, காசு செலவில்லாதது. அடுத்த முறை போகும்போது நூலகரிடம், "சார், நீங்கள் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அம்மா இருந்தால் அம்மாவிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கினால், உங்களுக்கான புத்தகம் அதற்குள்ளேயே இருக்கும்.