தளர்ந்த நெஞ்சுக்குச் சார்பு
(திருக்குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



வெள்ளாற்றங்கரையில் விளங்கும் திட்டக்குடித் திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு வைத்தியநாதர் என்பது திருநாமம். நோய் என்றவுடன் காய்ச்சலும் வயிற்றுவலியுமே பலர் நினைவுக்கு வரும். உண்ண உணவும் உடுக்க உடையும் இருந்தும், காலையில் எழ மனமின்றி, யாரிடமும் பேச விருப்பமின்றி, செய்யவேண்டிய வேலை எதிரே கிடக்கக் கைகட்டி அமர்ந்திருக்கும் நிலை ஒன்று உண்டு. அதனை மனத்தளர்ச்சி என்பர். அதுவும் நோயே. அடியார்களுக்கு அது வாராது என்று எண்ணுதல் பிழை. பெரியோர்க்கே வந்திருக்கிறது.

உயிரின் இயல்பைக் கூறுங்கால், சார்ந்ததன் வண்ணமாதல் என்று சைவ சித்தாந்தம் கூறும். படிகம் தன் அருகில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவது போல, உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் இயல்பாகவே நிற்கும். துன்ப நினைவையே சார்ந்திருக்கும் உள்ளம் துன்பமாகவே ஆகிவிடுகிறது. மனத்தைத் தேற்றிக்கொள் என்று அண்டை வீட்டார் ஆயிரம் முறை கூறினும் பயனில்லாமைக்குக் காரணம் இதுவே. மனத்தை ஆணையிட்டு எழுப்ப இயலாது. அது பற்றியிருக்கும் பொருளை மாற்றத்தான் இயலும். கையையும் காலையும் நாவையும் வேறொன்றில் செலுத்தினால், மனம் சற்றுப் பின்தங்கியேனும் அவற்றின் பின்னே வரும்.

திலகவதியார் வரலாற்றைக் காண்க. திருவாமூரில் தந்தையார் புகழனார் மறைந்தார்; தாயார் மாதினியாரும் உடன் மறைந்தார். மணம் பேசி முடித்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர்நீத்த செய்தியும் வந்தது. அம்மையார் தாமும் உயிர் விடத் துணிந்தார். அவ்வேளையில் அவர்க்குத் தத்துவம் போதித்தவர் எவரும் இலர். இளந்தம்பி மருணீக்கியார் அடியில் விழுந்து, தமக்கையாரும் நீங்கினால் தாம் அவர்க்கு முன்னே இறப்பதாக அழுதார். இவன் பிழைத்திருக்க வேண்டுமே என்ற இரக்கம் ஒன்றே அம்மையாரை நிறுத்தியது. அதன்பின் அவர் பொன்னணி பூணாது, எல்லா உயிர்க்கும் இரங்கி, இல்லத்திலிருந்தே தவம் புரிந்தார் என்று சேக்கிழார் பெருமான் கூறுவர். தம்பியாரோ தம் பொருளை அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும், சோலை வளர்க்கவும் குளம் தோண்டவும் செலவிட்டார். திருப்பணிக்குப் பொருள் வழங்கிய அன்பர்கள் இதனை நினைவிற் கொள்க. ஈகை பெறுவோனை மட்டும் தாங்குவதன்று.

பின்னர்ச் சூலை நோயால் வருந்தி இரவில் திருவதிகை வந்து தம் அடியில் வீழ்ந்த தம்பியாரிடம், அம்மையார் நெடிய உபதேசம் செய்யவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. திருநீறு அளித்தார். பொழுது புலருமுன் திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு திருக்கோயிலுக்குப் புறப்பட்டவர், அவரையும் உடன் அழைத்துச் சென்றார். துடைப்பமும் சாணமும் நீர்க்குடமும் அன்றாட வேலைக் கருவிகள். அவற்றின் பின்னே நடந்து சென்றவரே திருநாவுக்கரசர் ஆனார். வாழ்நாள் முழுதும் உழவாரப்படையைக் கைவிடாதவர் ஆனார்.

இப்பகுதியினர்க்கு இன்னும் அணுக்கமானது பெண்ணாகடத்து வரலாறு. 13-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தினார். அவ்வருத்தத்தின் கொடுமை அதனைப் பட்டார்க்கே தெரியும். ஊரார் கேட்கும் கேள்வியே பாதி நோய். அவர் வீட்டினுள் முடங்கிக் கிடக்கவில்லை. தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரிடம் சென்று மனத்தில் இருப்பதைக் கூறினார். பண்டிதர் திருமுறையில் கயிறு சார்த்திப் பார்க்க, திருஞானசம்பந்தர் அருளிய திருவெண்காட்டுப் பதிகம் கிடைத்தது. களப்பாளர் மனைவியாருடன் திருவெண்காடு சென்று, முக்குளத்தில் நீராடி, வழிபட்டுத் தங்கினார். இப்பிறவியில் மகப்பேறு இல்லை என்று கனவில் இறைவன் கூறியபோதும், சம்பந்தர் வாக்கை நம்பி வந்ததாகவே அவர் விடை கூறினார் என்பது வரலாறு. பிறந்த மகவு சுவேதவனப்பெருமாள். சிவஞானபோதம் 12 சூத்திரங்களை நமக்குத் தந்த மெய்கண்ட தேவர் அவரே. பிள்ளை பிறந்ததை ஒருபுறம் வைப்போம். எல்லார்க்கும் அது வாய்ப்பதில்லை. உற்றாரிடம் சொல்லுதல், ஊர் விட்டு ஊர் நடத்தல், நீராடுதல், வழிபாட்டில் பல நாள் நிற்றல் ஆகிய இவை எல்லார்க்கும் வாய்ப்பன.

ஆகவே, விடியலில் எழுந்து குளிர்ந்த நீரில் ஆடிப் பிராகாரத்தை வலம் வருக. இளவெயில் உடம்பிற் படுவதும் நடையும் உள்ளக் கிளர்ச்சிக்கு உதவுவன என்று இக்கால மருத்துவரும் கூறுகின்றனர். தேவாரத்தைக் கண்ணால் மட்டும் படியாது, குரல் கரகரத்தாலும் வாய்விட்டுப் பாடுக. பாடும்போது மூச்சு தானே நீளும். பூத்தொடுக்க இருப்பவர்களுடன் அமர்ந்து தொடுக்கலாம். விரல் வேலையாயிருக்கும்போது பேச்சும் எளிதில் வரும். விரைவை மட்டும் எதிர்பார்த்தல் ஆகாது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் அத்தொழிலாளரைக் கேட்டால் சொல்வர்: வனைந்த ஈரமண்ணை அவசரப்பட்டு உலர்த்தினால் அது வெடித்துவிடும்.

இரண்டு வாரம் கடந்தும் தளர்ச்சி நீங்காது, உறக்கமும் உணவும் கெட்டால், அதனை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கோயிலுக்குச் செல்பவன் மருத்துவமனைக்குச் செல்லலாகாது என்று எச்சாத்திரமும் கூறவில்லை. வைத்தியநாதன் மருந்தின் வழியாகவும் அருள்வான். திலகவதியாருக்குத் தோன்றியது போன்ற எண்ணம் எவர்க்கேனும் தோன்றுமாயின், அக்கணமே அருகிலுள்ளாரிடம் சொல்லுக. இந்திய அரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கிய டெலி-மானஸ் பணிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் விடை கிடைக்கும். அவ்வாறு ஒருவர் வந்து சொல்லக் கேட்பவர், அறிவுரை கூற விரையாது, திலகவதியாரைப் போல உடன் இருந்து உடன் அழைத்துச் செல்க.

குடமுழுக்கிற்குப்பின் 48 நாள் மண்டல வழிபாடு நடத்துதல் மரபு. முதல் நாள் கூட்டம் பத்தாம் நாள் இராது. அலகிடவும் மெழுகவும் விளக்குத் துலக்கவும் ஆள் வேண்டியிருக்கும். வீட்டில் எவரேனும் முகம் வாடி இருந்தால், காரணம் கேளாமல், விடியற்காலையில் அவரையும் அழைத்து வருக.