படிகம் வளர்க்கும் கைகள் வேண்டும்



புரதங்களின் வடிவத்தை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்வதில் தமிழ்நாட்டுக்குப் பழைய உரிமை உண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜி.என். இராமச்சந்திரன், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கொலாஜனைப் பெற்று ஆராய்ந்தார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் அதற்கு மூவிழை அமைப்பை முன்வைத்தார். 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட, புரதச் சங்கிலிக்கு இயலக்கூடிய திருப்பக் கோணங்களைக் காட்டும் வரைபடத்தில் தேறாத புரத வடிவத்தை இன்றும் உலகம் ஐயத்தோடுதான் பார்க்கிறது.

இன்று நம் கைக்கு எட்டும் கருவிகள் மிகப் பெரியவை. சிங்க்ரோட்ரான் வளையத்தில் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்களைக் காந்தங்கள் வளைக்கும்போது மிகச் செறிவான எக்ஸ்-கதிர் பிறக்கிறது. அதன் அலைநீளத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். புரதத்தில் செலினியத்தைச் சேர்த்து, 0.979 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி அலைநீளத்தை அமைத்தால், உணர்கருவி பதிவு செய்ய முடியாத கட்டத் தகவலைக் கணக்கிட்டு மீட்கலாம். இந்தூரின் இண்டஸ்-2, 172.5 மீட்டர் சுற்றளவுள்ள வளையம். அதில் புரதப் படிகங்களுக்கென்றே ஒரு பீம்லைன், அதாவது கதிரை எடுத்துப் பயன்படுத்தும் ஆய்வு நிலையம், இருக்கிறது. கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ரைபோசோம் ஆய்வும் இத்தகைய வளையங்களின் ஒளியில் நடந்ததே.

ஆனால் வளையம் கதிரை மட்டுமே தரும். படிகத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஒழுங்கற்ற படிகத்தை எவ்வளவு பெரிய வளையமும் காப்பாற்றாது. ஆகவே இளம் விஞ்ஞானியின் பயிற்சி இந்தூரிலோ கிரெனோபிளிலோ தொடங்குவதில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் உள்ள கல்லூரி ஆய்வகங்களில் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. 1965இல் லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் வடிவம் கண்ட லைசோசைம், எக்ஸ்-கதிரால் வடிவம் அறியப்பட்ட முதல் நொதி. அது கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கிறது. நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது நமக்கு முட்டைக்குப் பஞ்சமா? மாணவர் அதைத் தாமே பிரித்துத் தூய்மைப்படுத்தட்டும். கண்ணாடி வில்லையில் ஓரிரு மைக்ரோலிட்டர் துளி இட்டு, உப்புக் கரைசலுக்கு மேலே கவிழ்த்து, விளிம்பைக் கிரீஸால் அடைத்து வைத்தால், சில நாளில் நுண்ணோக்கியில் பட்டை தீட்டியதுபோல் படிகங்கள் தெரியும். ஒன்றை நைலான் வளையத்தில் எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறையவைப்பதுதான் கடினம். உறைகாப்புக் கரைசல் சரியில்லாமல் போனாலோ, கை தயங்கினாலோ பனி படியும். விளிம்பு விளைவுப் படத்தில் அந்தப் பனியின் வளையங்கள் புரதத்தின் புள்ளிகளை மறைத்துவிடும். இந்தக் கைப்பழக்கத்தை எந்தப் பாடநூலும் தராது.

புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டு வந்தபின் இந்த உழைப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 2024இல் நோபல் பெற்ற அந்தச் சாதனையைப் போற்றுகிறேன். அது தரும் கணிப்பு நம் வேலையைப் பெரிதும் சுருக்குகிறது. ஆனாலும் கணிப்பு கருதுகோள்தான். ஒரு மருந்து புரதத்தின் எந்தக் குழிவில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதற்குச் சான்று சோதனையிலிருந்தே வரவேண்டும். ஆய்வாளர் தம் எலெக்ட்ரான் அடர்த்திப் படத்தில் இல்லாததை இருப்பதாகக் காணாத நேர்மையும் அந்தச் சோதனையில்தான் பழகும்.

பேராசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். பொதுவில் கிடைக்கும் மூலத் தரவுகளை மாணவரே முதல் படத்திலிருந்து கணக்கிட்டுப் பழகச் செய்யுங்கள். வளையத்தின் கதிரைப் பயன்படுத்தும் நேரமான பீம்டைம் கிடைக்கும்போது, நேரில் சென்றாலும் குளிர்கலத்தில் படிகங்களை அனுப்பிவிட்டு இங்கிருந்தே இயக்கினாலும், கட்டுப்பாட்டு இருக்கையை மாணவருக்குக் கொடுங்கள்.

கோவையில் நடக்கும் இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் இங்கு வந்துள்ள ஒவ்வொரு கல்லூரியும் படிகம் வளர்க்க ஒரு மேசையையும் அதற்குப் பொறுப்பான ஓர் ஆசிரியரையும் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.