பசியும் மூப்பும்

(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேசியதன் சாரம்)



பிள்ளைக்குப் பசி எடுக்கவில்லை என்றால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறார்கள். நாற்பது வயதிலேயே ஒருவன் கிழவனாகிவிட்டால் தலையெழுத்து என்று சொல்லிப் பேச்சை முடித்துக் கொள்கிறார்கள். இந்த இரண்டு விஷயங்களையும் பற்றிக் குன்னூரில் பல வருஷ காலம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் ராபர்ட் மெக்கரிசன். 1878-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1901-ல் இந்திய மருத்துவ சேவைக்கு வந்தவர். முதலில் கில்கிட்டில் கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்தார். பிறகு குன்னூரில் புறாக்களையும் குரங்குகளையும் வைத்துக்கொண்டு, சத்து அழிந்துபோகும்படி கடுஞ்சூட்டில் வேகவைத்த தீட்டிய அரிசியையே போட்டு வந்தார். என்ன நடந்தது? நோவு வெளியில் தெரிவதற்கு முன்பே பசி போயிற்று. எதிரே தீனி கிடக்கிறது, தின்ன மனமில்லை. அந்தப் புறாவுக்கு எந்தப் பொறாமைக்காரன் கண் பட்டது என்று மந்திரிப்பவர்தான் சொல்ல வேண்டும்!

காரணம் இதுதான். அரிசியின் தவிட்டிலும் முளையிலும் பி1 என்ற உயிர்ச்சத்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் தின்ற மாவுப்பண்டம் உடம்பில் சரியாக எரிந்து பலமாகாது. அடுப்பு நிறைய விறகிருந்தும் தீ பிடிக்காததைப் போன்றது அது.

பிறகு எலிகளுக்குப் பல மாகாணத்தாரின் சாப்பாட்டைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகிய சீக்கியர் சாப்பாட்டைத் தின்றவை முதலிடத்தில் நின்றன. கடைசி இடம் யாருக்கு? வெள்ளை அரிசிச் சோறே பெரும்பாகமாயும் பால் சொற்பமாயும் உள்ள நம் சென்னை மாகாணத்தார் சாப்பாட்டுக்குத்தான். சீக்கியர் சாப்பாட்டைப் போன்ற தீனியைக் கொடுத்தே, சுத்தமான கூண்டில் வளர்த்த எலிகள், மனிதனுக்கு ஏறக்குறைய 50 வயது என்று சொல்லத்தக்க வயது வரையில் நோய் நொடியின்றி இருந்தன. எலியும் மனிதனும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்லதான். ஆனால் எலிக்குப் பூர்வஜன்ம வினை உண்டென்று சொல்ல நம் பண்டிதர்களே கூசுவார்களே!

அவர் 1935-ல் ஓய்வு பெற்றார். அதே வருஷம் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் மெக்கே என்பவர், தீனியைக் குறைத்து வளர்த்த எலிகள் அதிக நாள் உயிரோடிருந்தன என்று வெளியிட்டார். இதைக் கேட்டவுடன் ராஜபாளையத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "அப்படியானால் ஏகாதசிப் பட்டினி சரிதானே?" என்றார். நல்ல கேள்வி. மெக்கே குறைத்தது எரிபொருளை மட்டுமே; உயிர்ச்சத்தையும் உப்புச்சத்தையும் குறைவின்றிக் கொடுத்தார். நம் ஏழைக்கோ இரண்டுமே இல்லை. வயிறு புடைக்கத் தின்பவன் கொஞ்சம் குறைத்துக் கொள்ளட்டும். கூலிக்காரனைப் பார்த்துப் பட்டினி கிடந்தால் ஆயுசு கூடும் என்பது அயோக்கியத்தனம் என்கிறோம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு இரைப்பையிலிருந்தே வருகிறது என்று 1999-ல் ஜப்பானியர் கண்டுபிடித்தார்கள். வயிறு கேட்பதைப் பாவம் என்று சொல்ல இனி யாருக்கும் வழியில்லை.

இன்னொன்று. நெல்லைப் புழுக்கிக் குத்தினால் தவிட்டுச் சத்தில் ஒரு பாகம் அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்கிவிடுகிறது. இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி தின்ற ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கலரிசி தின்ற இடங்களில் அது அபூர்வம். ஆனால் சாமிக்கும் மடிக்கும் ஆகாதது எது? புழுங்கலரிசி!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாலிபர், "எங்களூர்ப் பால்கோவாவைப் பற்றி என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ருசியைப் பற்றி நமக்குத் தகராறில்லை. முதல் நாள் நாமும் கால் சேர் தீர்த்தோம். ஆனால் பால் கறந்து ஊற்றுகிற அம்மாளின் வீட்டுக் குழந்தைக்கு அதில் ஒரு டம்ளராவது மிஞ்சுகிறதா என்று திருப்பிக் கேட்டோம். பின் வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை "இல்லை" என்றார்.